மகளுக்கு ஒரு வீடு: திருக்கோவில் முதல் கல்முனை வரை ஒரு குடியிருப்பு வரலாறு

அம்பாறைக் கரையோரத்தில் பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது முதலில் பேசப்படுவது வீடு. நகை, காசு, வயல் எல்லாம் அதற்குப் பிறகுதான். தெற்கே திருக்கோவில், தம்பிலுவிலில் தொடங்கி வடக்கே கல்முனை, மருதமுனை வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்த வழக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அந்த வீடு பெண்ணின் தாய் தகப்பன் கட்டிக் கொடுத்ததாக இருக்கும். ஒரு குடும்பத்தில் மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடுகள் வேண்டும். இக்கரையின் வளவுகளையும் ஒழுங்கைகளையும் அயலையும் உருவாக்கியது இந்த ஏற்பாடுதான். நகரத் திட்டம், குடியேற்றம், புனர்நிர்மாணம் என்ற பெயர்களில் பின்னால் வந்தவை எல்லாம் இதைக் கணக்கில் எடுக்காமலே வரையப்பட்டன. ஊர் மக்கள் அவற்றையும் மெல்ல மெல்லத் தங்கள் வழக்கத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். சில இடங்களில் வளைக்க முடியாமல் இழந்தார்கள்.

இங்கே வீடு கட்டத் தக்க நிலம் குறைவு. கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும், நடுவே ஒரு மணல் மேடு. திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் ஊரின் முதுகுப்புறம் களப்பு கிடக்கிறது. அதற்கப்பால் சாகாமக் குளத்தை அண்டிய வயல் வெளிகள். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் வயல் வட்டைகள் வீட்டு வேலி வரை வந்து நிற்கின்றன. குடியிருக்கும் மேட்டுநிலம் பல இடங்களில் 2 கிலோமீற்றர் அகலத்தைத் தொடுவதில்லை. மணலுக்கு அடியில் மழைநீர் தங்கி நிற்பதால் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். வெள்ளக் காலத்திலும் மேடு தாழாது. தாழ்ந்த நிலம் முழுவதும் நெல்லுக்கு, மணல் மேடு மனிதருக்கு என்று பழைய காலத்திலேயே பங்கீடு முடிந்துவிட்டது. அந்த மேட்டின் மீது ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரிசை பிடித்தன: திருக்கோவில், தம்பிலுவில், தம்பட்டை, அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்த வரிசையில் இரண்டுக்கும் இடையிலான எல்லை பல இடங்களில் ஒரு வீதிதான்.

ஊர் என்ற அமைப்புக்கு மேலே கோயிலும் பள்ளிவாசலும் இருந்தன. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொக்கட்டிச்சோலை, மண்டூர்க் கோயில்களைப் போல ஒரு தேசத்துக் கோயில். அதாவது ஒரு ஊருக்கு மட்டும் உரியதல்ல. பழைய மட்டக்களப்புத் தேசத்தின் தென்புறம் முழுவதற்கும் அது தலைக் கோயில். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இன்றும் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் அங்கே கூடுகிறார்கள். இப்பகுதியின் பெரிய கோயில்களில் திருவிழா நாட்கள் ஊருக்கும் குடிக்கும் எனப் பங்கு வைக்கப்பட்டிருக்கின்றன; பொருளையும் கணக்கையும் பார்ப்பவர் வண்ணக்கர். முஸ்லிம் ஊர்களில் அதே இடத்தில் மரைக்கார்கள் இருந்தார்கள். குடிக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்வார்கள். குடி என்பது தாய்வழியாக வரும் குலம். பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. தகப்பன் வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனா குடி என்று தமிழ் ஊர்களில் வழங்கும் பெயர்களைப் போலவே முஸ்லிம் ஊர்களிலும் குடிப்பெயர்கள் தாய்மார் வழியாகவே இறங்கி வந்தன. மதம் வேறாக இருந்தும் இரு சமூகங்களின் உறவுமுறையும் கலியாண ஒழுங்கும் வீட்டு உரிமையும் இவ்வளவு ஒத்திருப்பது தமிழ் பேசும் உலகில் அரிது.

இந்த ஒற்றுமைக்கு ஊர்க் கதை ஒரு காரணம் சொல்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம் வணிகர் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்கு நன்றியாக முக்குவர் பெண் கொடுத்துக் குடியிருத்தினார்கள் என்பது அது. எழுத்தில் கிடைக்கும் செய்தி சற்று வேறு. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார்; அவர் தரும் தொகை 4,000. கதையையும் ஏட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வெளியிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்த இடத்தில், நிலமும் வீடும் ஏற்கெனவே பெண்கள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்களும் அந்த ஒழுங்குக்குள் அமர்ந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களில் இந்தத் தாய்வழி உரிமை முக்குவர் சட்டம் என்ற பெயரில் வழங்கியது. அதன்படி முதுசச் சொத்து பெண்களின் வழியே கைமாறும். ஆணுடைய பங்கு அவன் பிள்ளைகளுக்கு அல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ இச்சட்டத்தை நூலாகத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை ஓரங்கட்டியது. மகனும் மகளும் சமமாகப் பங்கு பெறலாம் என்பது புதிய விதி. முஸ்லிம்களுக்கு மார்க்கச் சட்டம். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழும் மகனுக்கு மகளின் பங்கைப் போல இரு மடங்கு. காகிதத்தில் பார்த்தால் தாய்வழி உரிமை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மரபுரிமைச் சட்டங்கள் ஒருவர் இறந்தபின் மிஞ்சும் சொத்தைப் பற்றியவை. இக்கரையில் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் வளவையும் மகள்மார் பெயரில் சீதன உறுதியாக, நன்கொடை உறுதியாக எழுதி முடித்துவிடுவார்கள். பங்கு பிரிக்க மிஞ்சுவது அநேகமாகச் சிறிது வயலும் மாடும்தான். பழைய சட்டம் சீதனத்துக்குள் புகுந்துகொண்டு உயிர் தப்பியது என்று சொல்வது பிழையாகாது.

சீதன வீட்டின் ஒழுங்கு இப்படிச் செல்லும். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பெற்றோர் இருக்கும் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வான். சில காலம் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பிறகு பெற்றோர் இளைய பிள்ளைகளுடன் அதே வளவுக்குள் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். வசதி இல்லாதவர்கள் பழைய குசினியைத் திருத்தி அங்கே ஒதுங்குவார்கள். அடுத்த மகளின் முறை வரும்போது அந்த இரண்டாவது வீடும் கைமாறும். கடைசி மகளுடன் பெற்றோர் முதுமையைக் கழிப்பார்கள். ஆண்மக்கள் வேறு வளவுகளுக்கு மருமகன்களாகப் போய்விடுவார்கள். போவதற்கு முன் சகோதரிகளின் வீடு எழும்ப உழைத்துக் கொடுப்பது அவர்கள் கடமை. தங்கைமார் இருக்கும்போது அண்ணன் தன் கலியாணத்தைப் பேசுவது நல்ல வீடுகளில் நடப்பதில்லை. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த ஒழுங்கை இரு சமூகங்களிலும் விரிவாகப் பதிவு செய்து 2008இல் நூலாக வெளியிட்டார்.

இதன் விளைவு அயலில் தெரியும். ஒரு வளவு இரண்டு தலைமுறைக்குள் சகோதரிகளின் வீட்டுக் கூட்டமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரி என்றால் அநேகமாக அவள் அக்கா அல்லது ராத்தா, பின்வீடு சாச்சியுடையது, ஒழுங்கையின் முனையில் இருப்பது மூத்தம்மா வீடு. வேலியில் ஒரு கடப்பு விட்டிருப்பார்கள். பெண்கள் தெருவில் இறங்காமலே வளவுக்கு வளவு போய் வருவார்கள். பிள்ளைகள் எந்த வீட்டில் பசித்தாலும் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். பிரசவம், நோய், மரண வீடு, நோன்புக் கஞ்சி, வைகாசிச் சடங்கு என எல்லாவற்றுக்கும் கை கொடுப்பது இந்தக் கூட்டம்தான். கணவன் வெளியூரிலோ கடலிலோ இருந்தாலும் மனைவி தனியாக இருப்பதில்லை. கணவன் கைவிட்டால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவன் அவன்தான். பெண்ணுக்கு இத்தனை பாதுகாப்பான குடியிருப்பு ஒழுங்கை எந்த நலன்புரித் திணைக்களமும் வகுத்துக் கொடுத்ததில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. வீடு கொடுக்க முடியாத ஏழைத் தகப்பனின் மகள் வீட்டோடு தங்கிவிடுவாள். மூன்று, நான்கு பெண்களைப் பெற்ற குடும்பம் வாழ்நாள் முழுவதும் செங்கல்லும் சீமெந்தும் சேர்ப்பதிலேயே தேய்ந்து போகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வீடுகள் பெரும்பாலும் மண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்டவை. களிமண் வயலில் கிடைக்கும், தென்னோலை வளவில் விழும். அயலவர் கூடி நின்றால் சில நாட்களில் வீடு எழும்பிவிடும். பெரிய வயற்காரரான போடியார்களின் வீடுகள் மட்டும் கல்வீடுகள். அகன்ற விறாந்தையும் நெல் மூட்டை அடுக்க அறையும் கொண்டவை. கலியாணத்துக்கு வீடு கொடுப்பது அப்போது இயலாத காரியமாக இருக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி மண் வீடுகளையும் கிடுகுக் கூரைகளையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தது. தென்னந்தோட்டங்கள் தரையோடு படுத்தன. ஓலையும் இல்லை, ஓலை வீட்டின் மீது நம்பிக்கையும் இல்லை. அதே காலத்தில்தான் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போவது தொடங்கியது. ஆண்களும், பின்னர் வீட்டுப் பணிப்பெண்களாகப் பெண்களும் போனார்கள். வந்த காசு நேரே கல்வீடாக எழுந்தது. மருதமுனையின் கைத்தறி, கல்முனையின் கடைவீதி, வயல் வருமானம் எல்லாம் அதே வழியில் இறங்கின. இதனால் மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கும் வீட்டின் அளவும் உயர்ந்தது. முன்பு மகள் பெரியவளானபின் யோசித்த வீட்டுக்கு இப்போது அவள் பாலர் வகுப்பில் இருக்கும்போதே அத்திவாரம் போடத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் அரசு வேறு ஒரு வீட்டைக் கரையோர மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் பட்டிப்பளை ஆற்றுப் படுகையில் புதிய வயல்களுக்குப் பாய்ந்தது. ஒவ்வொரு குடியேற்றவாசிக்கும் ஒரு வீடு, கொஞ்சம் வயல், கொஞ்சம் மேட்டுநிலம். குடியேறியவர்களில் பெரும்பாலோர் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள்; மத்தியமுகாம் போன்ற கீழ்ப்புறக் குடியேற்றங்களில் தமிழரும் முஸ்லிம்களும் இடம் பெற்றார்கள். 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் நடந்த இனக்கலவரம் அந்தப் புதிய அயல்களில் பலவற்றைக் குலைத்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆனபோது அதன் தலைநகரம் கரையில் இல்லாமல் குடியேற்றப் பகுதியில் அமைந்தது. கரையோர மக்கள் காணிக் கச்சேரிக்கு உள்நாடு போக வேண்டியதாயிற்று.

குடியேற்ற வீட்டின் சட்டம் வளவின் சட்டத்துக்கு நேர் எதிர். அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் பெர்மிட் காணி. பெர்மிட் குடும்பத் தலைவர் பெயரில், அதாவது ஆண் பெயரில் எழுதப்படும். காணியைத் துண்டு போட முடியாது. ஒருவர்தான் அடுத்த உரிமையாளர். அவரைப் பெயர் குறிப்பிடாமல் பெர்மிட்காரர் இறந்தால் மகன்களுக்கு முதலிடம், அதற்குப் பின்னர்தான் மகள்கள். ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை தரும் அந்த வரிசை 2022இல்தான் திருத்தப்பட்டது. பெண்ணுக்கு ஒரு வீடு என்று பழகிய குடும்பம் பெர்மிட் காணிக்குப் போனால் ஒரு மகளுக்குக்கூடச் சட்டப்படி சீதனம் எழுத முடியாது. எழுதப்படாத ஒப்பந்தங்களாலும் வாய்ப்பேச்சாலும் பலர் சமாளித்தார்கள். அரசின் கண்ணில் குடும்பம் என்பது தகப்பனில் தொடங்கி மகனில் முடிந்தது. ஊரின் கண்ணில் அது தாயில் தொடங்கி மகளுக்குப் போனது. இந்த முரண்பாடு பின்னால் வந்த எல்லா வீட்டுத் திட்டங்களுக்குள்ளும் ஒளிந்திருந்தது.

உள்ளூராட்சி அமைப்பும் குடிக்கும் பள்ளிவாசலுக்கும் பழகிய எல்லைகளைக் கலைத்தது. கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகளும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் பின் ஒன்றாக்கப்பட்டன. 2001இல் கல்முனை மாநகர சபை ஆனது. சாய்ந்தமருது தனக்கென ஒரு சபை வேண்டும் என்று கேட்டதும், கல்முனை வடக்குத் தமிழ் மக்கள் தங்களுக்கு முழு அதிகாரம் உள்ள பிரதேச செயலகம் கேட்டதும் இங்கிருந்து கிளம்பிய வழக்குகள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அரசியல் இழுபறி. உள்ளே பார்த்தால் ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது யார், குப்பை அள்ளுவது யார், வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் சேர்ப்பது யார் என்ற அயல் கேள்விகள்.

போர் இந்த அயல்களை இன்னும் ஆழமாக வெட்டியது. 1985இல் காரைதீவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த மோதல், 1990இல் கிழக்கு முழுவதும் நடந்த கொலைகளும் இடப்பெயர்வும், ஒரே வீதியின் இரு புறமும் வாழ்ந்தவர்களைப் பிரித்தன. கலந்திருந்த பகுதிகளிலிருந்து சிறுபான்மையாக இருந்தவர்கள் தம்மவர் ஊர்களுக்கு ஒதுங்கினார்கள். திருக்கோவிலுக்கு மேற்கே உடும்பன்குளம், தங்கவேலாயுதபுரம் போன்ற உள்ளூர்கள் வெறிச்சோடின. அங்கிருந்தவர்கள் கரையோரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். முஸ்லிம் விவசாயிகளுக்கும் தொலைவான வயல்களுக்குப் போவது ஆபத்தானது. எல்லோரும் நெருக்கமான மணல் மேட்டுக்கே திரும்பினார்கள். ஏற்கெனவே மகள்மாருக்குப் பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போன வளவுகளில் இன்னும் குடிசைகள் எழுந்தன. கடைசியில் நிலம் எஞ்சியிருந்த ஒரே திசை கடல். கரைவலைத் தோணியும் வாடியும் இருந்த கடற்கரை மணலில், வேறு இடம் வாங்க முடியாத மீனவக் குடும்பங்களும் கூலிக் குடும்பங்களும் தங்கள் பெண்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி முதலில் விழுங்கியது அந்த வீடுகளைத்தான். இலங்கையில் இறந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 10,000 பேர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பு இது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, தெற்கே திருக்கோவில், கோமாரி எனக் கரை முழுவதும் கடற்கரைப் பகுதி தரைமட்டமானது. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து இருந்ததால் ஒரு தாயின் பெண்மக்கள் எல்லோரும் பேரப்பிள்ளைகளோடு ஒரே காலையில் அழிந்த குடும்பங்கள் உண்டு. பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய சீதன வீடும், பெட்டியில் இருந்த நகையும், உறுதிப் பத்திரமும் ஒன்றாகப் போயின. கிணறுகள் உப்பாயின. மிஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும், பிறகு கூடாரங்களிலும் இடைத்தங்கல் முகாம்களிலும் நாட்களைக் கழித்தார்கள்.

அடுத்த அடி அரசாணையாக வந்தது. கரையிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று 2005இன் தொடக்கத்தில் அறிவித்தார்கள். மேட்டுநிலமே 2 கிலோமீற்றர் இல்லாத ஊரில் 200 மீற்றர் என்பது ஊரின் ஒரு பெரும் பகுதி. காணியின் உரிமை பறிபோகாது என்று சொல்லப்பட்டது. வீடு கட்ட முடியாத காணியைக் கொண்டு மகளுக்கு என்ன செய்வது? மாற்று நிலம் மேற்கே வயல்தான். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை. அந்தத் தடையைத் தாண்ட அனுமதி, நிலத்தை வாங்கக் காசு, வட்டைக்காரரின் சம்மதம் என்று மாதங்கள் ஓடின. தெற்கில் வீடுகள் எழும்பியபோதும் அம்பாறைக் கரை கூடாரத்தில் இருந்தது. பின்னர் எல்லை தளர்த்தப்பட்டு ஊருக்கு ஊர் வேறாக நிர்ணயிக்கப்பட்டது. கல்முனைப் பகுதியில் அது 65 மீற்றர். மருதமுனை மேட்டுவட்டையில் எழுந்த குடியிருப்பை இன்றும் 65 மீற்றர் வீட்டுத் திட்டம் என்றே ஊர் அழைக்கிறது. இடம் பெயர்ந்ததன் காரணம் அந்தப் பெயரிலேயே நின்றுவிட்டது.

வயலை நிரப்பிய நிலத்தில் எழுந்த புதிய குடியிருப்புகள் பல நாடுகளின் காசில் வந்தவை. சாய்ந்தமருதில் வெனிசுவேலாவின் உதவியோடு பொலிவேரியன் கிராமம் அமைந்தது. கல்முனையில் கிறீன் பீல்ட் மாடிக் குடியிருப்பு எழுந்தது. வளவும் கிணறும் வேலியும் பழகிய மக்களுக்கு மாடி வீடு முற்றிலும் புதிது. கோழி வளர்க்க இடமில்லை, மீன் காயவைக்க இடமில்லை, மையித்தை இறக்கப் படிக்கட்டு ஒடுக்கம் என்ற முறைப்பாடுகளைத் தாண்டி ஒரு ஆழமான குறை இருந்தது: பக்கத்தில் இன்னொரு வீடு சேர்த்துக் கட்ட முடியாது. மகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாத வீடு இக்கரையின் கணக்கில் அரை வீடுதான். அயலும் சிதறியது. வீடுகள் பட்டியல்படி பகிரப்பட்டதால் அக்கா ஒரு திட்டத்துக்கும் தங்கை வேறு திட்டத்துக்கும் போனார்கள். சிலர் மூன்று நான்கு மைல் உள்ளே தள்ளப்பட்டார்கள். கடலுக்குப் போகும் கணவனுக்கும் அது தூரம், பிள்ளை பார்க்கச் சாச்சி இல்லாத மனைவிக்கும் தூரம்.

உரிமைப் பத்திரம் இன்னொரு திருப்பம். அழிந்த வீடுகளில் பல பெண் பெயரில் இருந்தவை. கொடுக்கப்பட்ட வீடுகளில் பல குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டன. கல்லோயாப் பெர்மிட்டின் தவறு அரை நூற்றாண்டு கழித்துக் கொடையாளிகளின் படிவங்களில் மீண்டும் தலை தூக்கியது. இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின. சில இடங்களில் வென்றன, பல இடங்களில் படிவம்தான் வென்றது. மனைவி இறந்து கணவன் மறுமணம் செய்த வீடுகளில் இதன் பாதிப்பு மிகக் கடுமையானது: தாயின் சீதன வீட்டுக்கு ஈடாக வந்த வீட்டில் அவள் மகளுக்கு உறுதியான உரிமை இல்லாமல் போனது.

இருந்தும் வழக்கம் தோற்றுவிடவில்லை. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் சுனாமிக்குப் பின் இப்பகுதியில் நடத்திய ஆய்வு, குடும்பங்கள் புதிய வீட்டைப் பார்த்த கண்ணைக் காட்டுகிறது. கிடைத்த திட்ட வீட்டை மகளின் சீதனத்துக்கு என ஒதுக்கிவிட்டு, பெற்றோர் பழைய கடற்கரைக் காணிக்கே திரும்பித் திருத்திய வீட்டில் இருந்தார்கள். அதிகாரிகளுக்கு இது உதவியைத் துஷ்பிரயோகம் செய்வதாகத் தெரிந்தது. ஊர் வழக்கப்படி பெற்றோர் தங்கள் கடமையைச் செய்தார்கள்.

எல்லாத் திட்டங்களிலும் நெஞ்சை அறுப்பது அக்கரைப்பற்று நுரைச்சோலைதான். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபிய அரசின் நிதியில் 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், கடைத்தொகுதியோடு கட்டி முடிக்கப்பட்டன. பௌத்தர்களின் புனிதத் தலமான தீகவாபிக்கு அண்மையில் முஸ்லிம்களுக்கு மட்டும் குடியிருப்பு அமைவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. வீடுகளைப் பகிர்வது தடைப்பட்டது. ஆண்டுக் கணக்கில் அந்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. கதவும் நிலையும் கழன்றன, காடு மூடியது. கூடாரத்தில் குழந்தையாக இருந்த பெண்கள் அந்த வீடுகள் பூட்டிக் கிடந்த காலத்துக்குள்ளேயே கலியாண வயதை எட்டிவிட்டார்கள்.

கடலும் அமைதியாக இல்லை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதாங்கிகள் மணலின் ஓட்டத்தை மறித்தன; அதற்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டுத் தென்னந்தோட்டங்களும் காணிகளும் கடலுக்குள் போயின. கிழக்கே கடல் தின்கிறது, மேற்கே வயலைத் தொடச் சட்டம் தடுக்கிறது. கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஒரு இலட்சத்தை அண்மித்த மக்கள். ஒரு பேர்ச் காணியின் விலை சாதாரண அரச ஊழியருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டு வீடு கட்டும் காணியாக ஏற்கப்படாது. ஒரு காலத்தில் நாற்பது பேர்ச்சாக இருந்த வளவு இரண்டு தலைமுறைப் பிரிவினையில் இந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது.

ஆகவே வீடு இப்போது மேலே வளர்கிறது. கீழ்த்தளம் மூத்த மகளுக்கு. அதன் தட்டு மேல் அடுத்த மகளுக்கு ஒரு தளம். தூண்களின் கம்பிகளை வெட்டாமல் மூன்றாவதற்கு விட்டு வைக்கிறார்கள். சாய்ந்தமருது, கல்முனைக்குடி, அக்கரைப்பற்று ஒழுங்கைகளில் இது வழமையான காட்சி. நிலம் சற்றுத் தாராளமான திருக்கோவில், தம்பிலுவிலில் இன்னும் வளவுக்குள் பக்கத்துப் பக்கமாகவே கட்டுகிறார்கள். சகோதரிகள் படிக்கட்டால் இணைந்திருப்பதால் அயல் கலையவில்லை. ஆனால் மேல்தளத்துக்குத் தனி உறுதி எழுத வேண்டுமானால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டப்படி வரைபடம் வரைந்து பதிவு செய்ய வேண்டும். ஒழுங்கைக்குள் அனுமதி இல்லாமல் எழுந்த வீடுகளுக்கு அது கிடைப்பது அரிது. பெரும்பாலான பெற்றோர் காணியில் பிரிக்கப்படாத பங்கை ஒவ்வொரு மகளுக்கும் எழுதிவிட்டு, எந்தத் தளம் யாருக்கு என்பதை வாய்ச்சொல்லால் முடிக்கிறார்கள். சகோதரிகள் உயிரோடு இருக்கும்வரை அந்த வாய்ச்சொல் செல்கிறது. அவர்களின் பிள்ளைகள் காலத்தில்தான் பிரிவினை வழக்குகள் கல்முனை, அக்கரைப்பற்று நீதிமன்றங்களுக்கு வருகின்றன.